பிடிச்ச ஹைக்கிங் ஷூவை நிறுத்திட்டாங்க, இப்ப என்ன பண்றது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலை ஏற்றம், காட்டுப்பாதை நடைன்னு போறவங்க கூட பேசினா கொஞ்ச நேரத்துல பேச்சு ஷூ பக்கம் வந்துடும், அதுலயும் "நான் போட்டுட்டு இருந்தது இப்ப வரதே இல்ல, வேற என்ன வாங்கறது"ங்கற கேள்வி தான் திரும்பத் திரும்ப வருது. எல்லாருக்கும் தனித்தனியா சொல்றதை விட ஒரே இடத்துல எழுதி வச்சா உதவும்னு தோணுச்சு. கேள்விகளை அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். முதல்ல சாதாரண சந்தேகங்கள், போகப் போக கொஞ்சம் சிக்கலானது.

என் மாடல் எங்க தேடியும் கிடைக்கல. நிஜமாவே நிறுத்திட்டாங்களா, இல்ல ஸ்டாக் மட்டும் தான் இல்லையா?

ஒரு கலர் காணாம போனா பயப்பட வேண்டாம், கலர் ஒவ்வொரு சீசனுக்கும் மாத்துவாங்க, ஷூ அதே ஷூ தான். ஆனா கம்பெனியோட சொந்த சைட்லயே ஓரத்து சைஸ் ரெண்டு மூணு மட்டும் மிச்சம் இருந்து, அதுவும் பெரிய தள்ளுபடில போயிட்டு இருந்தா, அந்த மாடலோட காலம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். பேருக்குப் பின்னாடி நம்பர் ஒண்ணு கூடி புதுசு வந்திருந்தா பழசு திரும்ப வராது.

உறுதியா தெரியணும்னா ஷூவோட டங் (லேஸுக்குக் கீழ இருக்கற நாக்கு) உள்பக்கமோ பக்கவாட்டுலயோ தைச்சிருக்கற சின்ன டேக்ல ஸ்டைல் நம்பர் இருக்கும், அதை கம்பெனிக்கு மெயில்ல அனுப்பி கேளுங்க. கேக்கறப்போ "இது வருமா"ன்னு மட்டும் கேக்காம "இந்த மாடல் எந்த லாஸ்ட்ல செஞ்சது, இப்ப அதே லாஸ்ட்ல வேற எந்த மாடல் வருது"ன்னு கேளுங்க. முதல் கேள்விக்கு மன்னிப்பு கேட்டு ஒரு பதில் வரும், ரெண்டாவதுக்கு பதில் வந்தா உங்க தேடல்ல பாதி முடிஞ்சிடும். லாஸ்ட்னா என்னன்னு கீழ விளக்கமா இருக்கு.

நல்லா போயிட்டு இருக்கற ஷூவை எதுக்கு நிறுத்தறாங்க? எனக்கு இது புரியவே இல்ல.

வெளிய இருந்து பார்த்தா அநியாயம் மாதிரி தான் இருக்கும், ஆனா உள்ள பல காரணம் ஓடும். சோல் வார்க்கற அச்சு ஒவ்வொரு சைஸுக்கும் தனியா வேணும், அது செலவு பிடிச்ச விஷயம், தேஞ்சு போனா திரும்ப அதே அச்சு செய்யறதை விட புது டிசைன்ல காசு போடலாம்னு நினைப்பாங்க. ஃபேக்டரி மாறும், ஃபோம் சப்ளை பண்றவங்க ஒரு கலவையை நிறுத்துவாங்க, கடைக்காரங்களும் "இந்த வருஷம் புதுசா என்ன"ன்னு கேட்டுட்டே இருப்பாங்க.

வாட்டர்ப்ரூஃப் ஷூக்கள்ல இப்ப இன்னொரு காரணமும் இருக்கு. தண்ணி ஒட்டாம இருக்க போடற பிஎஃப்ஏஎஸ் வகை ரசாயனங்களை பல இடங்கள்ல கட்டுப்படுத்திட்டு வராங்க, உதாரணமா கலிஃபோர்னியால 2025 ஜனவரி 1-லேர்ந்து துணிப் பொருட்கள்ல தடை வந்துச்சு. வாட்டர்ப்ரூஃப் துணி செய்யற கோர்டெக்ஸும் பழைய மெம்ப்ரேனுக்கு (தண்ணியைத் தடுக்கற மெல்லிய படலம்) பதிலா பாலிஎத்திலீன்ல செஞ்ச புது மெம்ப்ரேனுக்கு மாறிட்டு இருக்கு. மெம்ப்ரேன் மாறினா அதை வச்சு தைச்ச மாடலையும் கம்பெனிகள் மறுபடி எடுத்துப் பார்ப்பாங்க, அந்த சமயத்துல சிலது அப்படியே போயிடும்.

பழைய ஷூ அடி தேஞ்சு ஓரம் கிழிஞ்சு போச்சு. தூக்கிப் போட்டுடட்டுமா?

தயவுசெஞ்சு போடாதீங்க! புதுசு கிடைச்சு அதுல நல்லா நடந்து முடிக்கற வரைக்கும் அந்தப் பழைய ஜோடி தான் உங்க அளவுகோல். நெட்ல எத்தனை ரிவ்யூ படிச்சாலும் உங்க பாதத்தைப் பத்தி அந்தப் பழைய ஷூவுக்கு தெரிஞ்ச அளவு வேற எதுக்கும் தெரியாது.

இன்சோலை வெளிய எடுத்துப் பாருங்க. விரல் தடம் ஒவ்வொண்ணும் பதிஞ்சிருக்கும், பெருவிரல் தடம் நுனிக்கு எவ்வளவு கிட்ட இருக்கு, சுண்டுவிரல் தடம் ஓரத்தைத் தாண்டி வெளிய போகுதா, இதெல்லாம் தெரியும். சுண்டுவிரல் தடம் ஓரத்துலயே ஏறி உக்காந்திருந்தா அந்த ஷூ உங்களுக்குப் பிடிச்சிருந்தாலும் கொஞ்சம் குறுகல் தான்னு அர்த்தம், புதுசுல கொஞ்சம் அகலம் பார்க்கலாம். அப்புறம் மேல் துணி எங்க கிழிஞ்சிருக்கு பாருங்க, சுண்டுவிரல் பக்கம்னா அகலம் பத்தல, பெருவிரலுக்கு மேல ஓட்டைன்னா டோ பாக்ஸோட, அதாவது விரல் இருக்கற முன்பகுதியோட உயரம் பத்தல, குதிகால் உள் லைனிங் கிழிஞ்சிருந்தா குதிகால் உள்ளுக்குள்ள ஏறி இறங்கி உராஞ்சிருக்கு. ஷூ எங்க மடங்குதுன்னும் பாருங்க, மேல சுருக்கக் கோடு விழுந்திருக்கும்ல அதுதான்.

இதையெல்லாம் பார்த்து ஒரு தாள்ல எழுதிடுங்க: ஸ்டைல் நம்பர், சைஸ், ஒரு ஷூவோட எடை, இன்சோலோட நீளம், அகலமான இடத்துல எத்தனை மில்லிமீட்டர், உங்களுக்கு அதுல பிடிச்ச மூணு விஷயம், பிடிக்காத ஒரு விஷயம். "சூப்பரா இருந்துச்சு"ன்னு எழுதாதீங்க, "இறக்கத்துல விரல் இடிக்கல", "நாள் முழுக்க நடந்தும் பாதத்தோட முன்பக்கம் எரியல" இந்த மாதிரி எழுதுங்க. நீங்க தேட வேண்டியது இந்த வரிகளைத் தான்.

ஸ்பெக் பார்த்தா தலை சுத்துது ப்ரோ. டிராப், ஸ்டாக், லக்னு ஏதேதோ இருக்கு. எதை முதல்ல பார்க்கணும்?

என் வரிசை இது தான்: முதல்ல ஷூவோட வடிவம், அடுத்து டிராப், அடுத்து சோல் எவ்வளவு விறைப்பு, அதுக்கப்புறம் கிரிப், கடைசில எடையும் வாட்டர்ப்ரூஃபும். நிறைய பேர் இதை தலைகீழா பண்றாங்க, வாட்டர்ப்ரூஃபா, எடை கம்மியான்னு ஃபில்டர் போட்டு ஆரம்பிச்சு கடைசில காலுக்கே பொருந்தாத ஒண்ணுல வந்து நிக்கறாங்க.

டிராப்னா குதிகால் நிக்கற உயரத்துக்கும் முன்பாதம் நிக்கற உயரத்துக்கும் உள்ள வித்தியாசம், மில்லிமீட்டர்ல சொல்லுவாங்க. ஆல்ட்ரா லோன் பீக்ல 0, சாக்கனி பெரெக்ரின்ல 4, சாலமன் ஸ்பீட்கிராஸ்ல 10, மெரெல் மோவாப்ல 11-க்கும் மேல. ஸ்டாக்னா காலுக்கும் தரைக்கும் நடுவுல மொத்தம் எவ்வளவு தடிமன். லக்னா அடியில இருக்கற பல், அது கிரிப் சமாச்சாரம். டிராப், ஸ்டாக் ரெண்டும் வேற வேற, தடியான சோல் உள்ள ஷூவுக்கும் டிராப் கம்மியா இருக்கலாம். உங்க பழைய மாடலோட டிராப் அது வந்த காலத்து ரிவ்யூக்கள்ல கண்டிப்பா இருக்கும், தேடி அந்தத் தாள்ல சேர்த்துடுங்க.

விறைப்புக்கு ஸ்பெக்ல நம்பர் இருக்காது, கையால தான் பார்க்கணும். முன்பக்கத்தையும் குதிகாலையும் பிடிச்சு மடக்கிப் பாருங்க, அப்புறம் துணி பிழியற மாதிரி முறுக்கிப் பாருங்க. பழசு எவ்வளவு வளைஞ்சு குடுத்துச்சோ அதுக்குக் கிட்ட இருக்கணும், ஆனா பழசு பல நூறு கிலோமீட்டர் நடந்து தளர்ந்து போனதுங்கறதையும் மனசுல வச்சுக்கணும், அதனால புதுசு கொஞ்சம் கூடுதல் விறைப்பா இருக்கறது தான் சரி.

லாஸ்ட் லாஸ்ட்னு சொல்றீங்களே, அது அவ்வளவு முக்கியமா?

எல்லாத்தையும் விட அது தான் முக்கியம். லாஸ்ட்னா பாதத்தோட வடிவத்துல செஞ்ச ஒரு அச்சுக்கட்டை, அதைச் சுத்தி தான் ஷூவோட மேல் பாகத்தை இழுத்து ஒட்டறாங்க. குதிகால் எவ்வளவு குறுகல், முன்பக்கம் எவ்வளவு அகலம், மேல் பாதத்துக்கு எவ்வளவு உயரம், விரல் பக்கம் கூம்பா வட்டமா, எல்லாம் அந்தக் கட்டையில முடிவாகிடும். ஒரே கம்பெனி நாலஞ்சு லாஸ்ட் வச்சிருப்பாங்க, அதனால "எனக்கு அந்த ப்ராண்ட் செட்டாகும்"ங்கறது பாதி உண்மை தான், அந்த ப்ராண்டோட ஒரு குறிப்பிட்ட லாஸ்ட் தான் உங்களுக்கு செட்டாச்சு.

நீளம் ஒண்ணா இருந்தாலே போதும்னு நினைக்கறாங்க. 1920-கள்ல சார்ல்ஸ் பிரானாக் கண்டுபிடிச்ச பாதம் அளக்கற கருவி ஒண்ணு இருக்கு, இப்பவும் நிறைய ஷூ கடைகள்ல அதைத் தான் வச்சிருக்காங்க. அது அளக்கறது மூணு: குதிகால்லேர்ந்து விரல் நுனி வரை, குதிகால்லேர்ந்து பெருவிரல் அடிமூட்டு வரை, அப்புறம் அகலம். இந்த ரெண்டாவது அளவை யாரும் கண்டுக்கறதே இல்ல. ஒரே நீளப் பாதம் உள்ள ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு விரல் நீளம், இன்னொருத்தருக்கு விரல் குட்டை, அப்போ பாதம் மடங்கற இடமே ரெண்டு பேருக்கும் வேற. ஷூ மடங்கற இடமும் உங்க பாதம் மடங்கற இடமும் ஒத்துப் போகலைன்னா சைஸ் சரியா இருந்தும் ஏதோ ஒரு அசௌகரியம் இருந்துட்டே இருக்கும், என்னன்னு சொல்லத் தெரியாது. பழைய ஷூல சுருக்கக் கோடு எங்கன்னு பார்க்கச் சொன்னது இதுக்காகத் தான்.

அதே பேர்ல அடுத்த வெர்ஷன் வந்திருக்கு. கண்ணை மூடிட்டு அதையே வாங்கிடலாம்ல?

முதல்ல போட்டுப் பார்க்க வேண்டியது அது தான், ஆனா கண்ணைத் திறந்து வாங்குங்க. பேர் தொடர்றது வியாபாரத்துக்காக, உள்ள இருக்கறது எவ்வளவு மாறியிருக்குங்கறது ஒவ்வொரு தடவையும் வேற. மெரெல் மோவாப் 2007-ல வந்தது, இப்ப மூணாவது தலைமுறை ஓடுது, பேர் அதே தான், ஆனா நடுவுல ஃபோம், இன்சோல், சோல் ரப்பர்னு மாறிட்டே வந்திருக்கு. சில கம்பெனிகள் துணியையும் கலரையும் மட்டும் மாத்தி நம்பரை ஏத்துவாங்க, சிலர் சோலையே புதுசா வார்ப்பாங்க.

ஒரு சுலபமான சோதனை: பழைய ஷூவோட அடிப்பக்கத்தையும் புதுசோட அடிப்பக்கத்தையும் படம் வச்சு பாருங்க. அடியில இருக்கற பல் அமைப்பு அச்சு அசலா அதே மாதிரி இருந்தா சோல் அச்சு மாறல, பெரும்பாலும் வடிவமும் கிட்டத்தட்ட அதே தான். அடி முழுசா மாறியிருந்தா பேரை மறந்துட்டு புது ஷூவா நினைச்சு முதல்லேர்ந்து பாருங்க. இதே முறையில அதே கம்பெனியோட வேற பேர் உள்ள மாடல்களையும் பாருங்க, ஒரே சோலை ரெண்டு மூணு மாடலுக்குப் போடறது சகஜம், உங்க பழைய ஷூவோட உடன்பிறப்பு ஒண்ணு வேற பேர்ல உக்காந்திருக்கலாம்.

நான் எப்பவும் 9 தான். அதே 9 ஆர்டர் பண்ணலாம்ல?

கூடாது. யூகே 9, யுஎஸ் 9, ரெண்டும் ஒண்ணு இல்ல, ஆண்கள் ஷூல பொதுவா யுஎஸ் நம்பர் ஒண்ணு கூட வரும், சில கம்பெனில அரை தான் கூடும். ஆங்கில முறையில ஒரு சைஸ் வித்தியாசம் ஒரு அங்குலத்துல மூணுல ஒரு பங்கு, சுமார் 8.5 மில்லிமீட்டர். ஐரோப்பிய முறையில ஒரு சைஸுக்கு 6.67 மில்லிமீட்டர். ரெண்டும் நேரா பொருந்தாததால தான் கன்வர்ஷன் சார்ட்ல ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி போடறாங்க. டேக்ல சென்டிமீட்டரோ மில்லிமீட்டரோ போட்டிருந்தா அதை மட்டும் நம்புங்க.

பாதத்தையும் புதுசா அளங்க. சாயங்காலம், கொஞ்சம் நடந்துட்டு வந்து, சுவத்துல குதிகாலை ஒட்டி நின்னு, ரெண்டு காலையும் தனித்தனியா. நிறைய பேருக்கு ஒரு கால் பெருசு, பெரிய காலுக்குத் தான் வாங்கணும். வயசு கூடக் கூட பாதம் கொஞ்சம் நீண்டு அகலமாகும், பிள்ளை பெத்த பெண்கள் பலருக்கும் இது நடக்கும், பல வருஷம் முன்னாடி அளந்த 9 இன்னைக்கு 9 இல்லாம இருக்கலாம்.

என் பாதம் அகலம். வைட் வாங்கினா பிரச்சனை தீர்ந்துடுமா? சிலர் ஒரு சைஸ் பெருசு வாங்கச் சொல்றாங்க.

ஒரு சைஸ் பெருசு வாங்கறது தப்பான வழி. நீளம் கூடி ஷூ மடங்கற இடம் முன்னாடி தள்ளிப் போயிடும், மேல லாஸ்ட் பத்தி சொன்ன சிக்கல் அப்படியே வந்துடும், குதிகாலும் நிக்காது.

வைட்ல ரெண்டு வகை இருக்கு. அமெரிக்க முறையில ஆண்களுக்கு டி சாதாரண அகலம், 2ஈ வைட், 4ஈ இன்னும் வைட். பெண்களுக்கு பி சாதாரணம், டி வைட். ஆனா சில கம்பெனிகள் வைட்னு போட்டு மேல் துணியை மட்டும் தாராளமா விடுவாங்க, கீழ சோல் அதே அகலம் தான், அப்போ பாதம் சோல் ஓரத்தைத் தாண்டி பிதுங்கும். இன்சோலை எடுத்து பழைய இன்சோல் மேல வச்சுப் பார்த்தா நிஜ வைட்டா இல்லையான்னு தெரிஞ்சிடும். பெண்களுக்கு ஒரு வழி: அதே மாடல் ஆண்கள் ஷூல யுஎஸ் சைஸ் ஒன்றரை குறைச்சு எடுத்தா நீளம் அதே, அகலம் கூடுதலா கிடைக்கும்.

இன்னொண்ணு, உங்களுக்கு இறுக்கறது எந்த இடம்னு சரியா பாருங்க. பாதத்தோட அகலமான இடம் இறுக்குதா, இல்ல விரல்கள் மட்டும் நெருங்குதா? விரல் மட்டும்னா வைட் வேண்டியதில்ல, முன்பக்கம் வட்டமா இருக்கற வடிவம் போதும், ஆல்ட்ரா, டோப்போ மாதிரி கம்பெனிகள் அதுக்குன்னே செய்யறாங்க.

கடையில போட்டுப் பார்க்கறப்போ ரெண்டு அடி நடந்தா போதுமா?

போதாது. சாயங்காலமா போங்க, மலைக்குப் போடற அதே சாக்ஸ் போட்டுட்டுப் போங்க, தனியா இன்சோல் வாங்கிப் போடற பழக்கம் இருந்தா அதையும் கொண்டு போங்க, பழைய ஷூவையும் கொண்டு போங்க. ரெண்டு காலுக்கும் போட்டு லேஸ் முழுசா கட்டி கால் மணி நேரமாவது போட்டுட்டே இருங்க. முன்னாடி பெருவிரல் அகலத்துக்கு இடம் இருக்கணும். சரிவுப் பலகை இருந்தா அதுல, இல்லைன்னா படிக்கட்டுல வேகமா இறங்கிப் பாருங்க, விரல் முன்னாடி போய் முட்டினா அந்த ஷூ வேண்டாம், எவ்வளவு அழகா இருந்தாலும் வேண்டாம். முட்டற விரல் நீண்ட இறக்கத்துல நகம் கறுத்து விழற வரைக்கும் போகும்.

ஒரு காலுக்கு பழசு, ஒரு காலுக்கு புதுசு போட்டு நின்னு பாருங்க, அப்புறம் கால் மாத்திப் போட்டு நில்லுங்க. வித்தியாசம் எங்கன்னு உடனே உறைக்கும்.

ஆன்லைன்ல மட்டும் தான் கிடைக்குது. போட்டுப் பார்க்காம எப்படி அண்ணா?

திருப்பி அனுப்ப வசதி இருக்கற இடத்துல மட்டும் வாங்குங்க, முடிஞ்சா பக்கத்து பக்கத்து சைஸ் ரெண்டு வரவழைச்சு ஒண்ணைத் திருப்புங்க. வந்ததும் முதல் வேலை பழைய இன்சோலையும் புது இன்சோலையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பார்க்கறது. அப்புறம் வீட்டுக்குள்ள சுத்தமான தரையில ரெண்டு மூணு நாள் சாயங்காலம் போட்டு நடங்க. வெளிய ஒரு அடி வச்சாலும் அடியில அழுக்கு பிடிச்சு திருப்ப முடியாம போயிடும்.

ரிவ்யூ படிக்கறப்போ நட்சத்திரத்தை விடுங்க. உங்க பழைய மாடல் பேரைச் சொல்லி ஒப்பிட்டு எழுதினவங்களைத் தேடுங்க, அவங்களுக்குப் பிடிச்ச காரணமும் உங்க தாள்ல இருக்கற காரணமும் ஒண்ணா இருந்தா அந்த ஒரு ரிவ்யூ நூறு ரிவ்யூவுக்கு சமம்.

பழைய ஷூவும் விப்ராம், புதுசும் விப்ராம். அப்போ கிரிப் அதே தானே?

இல்ல. விப்ராம் ஒரு கம்பெனி, இத்தாலியில விடாலே பிரமானிங்கற மலையேறி ஆரம்பிச்சது, 1935-ல நடந்த ஒரு விபத்துல கூட வந்த ஆறு பேரை இழந்த அப்புறம் மலைக்கு ஏத்த ரப்பர் சோல் வேணும்னு உழைச்சு 1937-ல கொண்டு வந்தாரு. இப்ப அவங்ககிட்ட பல ரப்பர் கலவை இருக்கு. மெகாகிரிப்னு போட்டிருந்தா ஈரப் பாறையில நல்லா பிடிக்கற கலவை, வெறும் மஞ்சள் முத்திரை மட்டும் இருந்தா எந்தக் கலவைன்னு தனியா பார்க்கணும். மிருதுவான ரப்பர் நல்லா பிடிக்கும் ஆனா சீக்கிரம் தேயும், கெட்டியான ரப்பர் நிறைய நாள் வரும் ஆனா ஈரத்துல வழுக்கும், ரெண்டும் முழுசா ஒரே சோல்ல கிடைக்கறது கஷ்டம்.

பல்லோட ஆழமும் பாருங்க. பாறை, கெட்டி மண்ணுன்னா 3-4 மில்லிமீட்டர் போதும், சேறு சகதின்னா 5-6 வேணும். பழைய ஷூவை அளக்கறப்போ தேயாத நடுப்பகுதியில அளங்க.

பழசு வாட்டர்ப்ரூஃப். புதுசும் கட்டாயம் அப்படியே இருக்கணுமா?

வெயில் காலத்துல தான் அதிகம் நடப்பீங்கன்னா வேண்டாம்னு தான் சொல்வேன். கால் வியர்வை வெளிய போக நேரமாகும், ஓடையில மேல் வழியா தண்ணி புகுந்துட்டா காயறதுக்கும் ரொம்ப நேரம் ஆகும். குளிர், பனி, விடாத தூறல், ஈரப் புல்வெளின்னா வாட்டர்ப்ரூஃப் நல்லது. பழைய மாடலோட சாதாரண வெர்ஷன் நின்னு போய் வாட்டர்ப்ரூஃப் மட்டும் மிச்சம்னா ஒண்ணு கவனிங்க, உள்ள ஒரு அடுக்கு கூடுதலா இருக்கறதால கொஞ்சம் இறுக்கமா இருக்கும்.

எனக்கு பழக்கம் 11 டிராப். இப்ப எல்லாரும் 0, 4 தான் நல்லதுங்கறாங்க. மாறிடலாமா?

பழைய ஷூல வலி எதுவும் இல்லைன்னா மாற வேண்டிய அவசியமே இல்ல, 8-லேர்ந்து 12 வரைக்கும் இருக்கற மாடல்களையே தேடுங்க. டிராப் குறையறப்போ குதிகால் கீழ இறங்குது, குதிகாலுக்குப் பின்னாடி இருக்கற தசைநாணும் கெண்டைக்கால் தசையும் கூடுதலா இழுபடும். அதனால கெட்டதுன்னு இல்ல, உடம்புக்கு பழக நேரம் வேணும், அவ்வளவு தான். நேரா நீண்ட பயணத்துக்குப் போட்டுட்டுப் போனா மறுநாள் படி இறங்க முடியாது, சிலருக்கு அந்தத் தசைநாண் வீங்கி மாசக்கணக்குல படுத்தும்.

மாறியே ஆகணும்னா, உதாரணமா வடிவம் அருமையா பொருந்தற ஷூ 0 டிராப்ல தான் இருக்குன்னா, முதல்ல வீட்டுலயும் தெருவுலயும் கொஞ்ச நேரம், அப்புறம் சமதரையில சின்ன நடை, அப்புறம் தான் ஏத்தம்னு பல வாரம் எடுத்துக்கோங்க, நடுவுல பழசையும் மாத்தி மாத்திப் போடுங்க. நேரா 0-க்குப் போகாம 4-6 இருக்கற ஒண்ணுல நடுவுல நிக்கறதும் நல்ல யோசனை.

கனமான ஹைக்கிங் ஷூவுக்கு பதிலா ட்ரெயில் ரன்னர் வாங்கச் சொல்றாங்க. தாங்குமா?

ட்ரெயில் ரன்னர்னா காட்டுப்பாதையில ஓடறதுக்குன்னு செஞ்ச இலகுவான ஷூ, முதுகுல பெரிய சுமை இல்லாத நடைக்கு தாராளமா தாங்கும். கால்ல போடறதோட எடை சாதாரண விஷயம் இல்ல, 1969-ல சோல், கோல்ட்மேன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்ததுல, ஒரு கிலோவை உடம்போட சுமக்கறதை விட அதே ஒரு கிலோவை காலோட சுமந்தா நடக்கற வேகத்தைப் பொறுத்து 4 முதல் 6 மடங்கு சக்தி செலவாகுதுன்னு தெரிஞ்சுது. அதனால தான் இலகுவான ஷூவுக்கு மாறினவங்க திரும்ப கனமானதுக்கு வர யோசிக்கறாங்க.

இதுக்கு பதிலா இழக்கறது ஷூவோட ஆயுள். பொதுவா 500-லேர்ந்து 800 கிலோமீட்டர்ல ஃபோம் அமுங்கிடும், வெளிய பார்க்க நல்லா தான் இருக்கும். கூர்மையான கல்லு நிறைஞ்ச பாதைன்னா உள்ள ராக் பிளேட் (கல்லு குத்தாம தடுக்கற தகடு) இருக்கற மாடலா பாருங்க. ரொம்ப சுமை தூக்கறவங்க, கணுக்கால் ஏற்கனவே அடிபட்டவங்க பழைய வகையிலயே இருங்க.

பழைய ஸ்டாக் ஒரு இடத்துல மாட்டிருக்கு! நாலஞ்சு ஜோடி வாங்கி வச்சுக்கவா?

சந்தோஷம் புரியுது, ஆனா ஒரு ஜோடி, மிஞ்சினா ரெண்டு. ஷூ போடாம வச்சிருந்தாலும் வயசாகும். மிட்சோல், அதாவது நடுவுல இருக்கற ஃபோம் அடுக்கு, பாலியூரித்தேன்னா காத்துல இருக்கற ஈரமே அதை மெல்ல உடைக்கும், பல வருஷம் கழிச்சு பெட்டியைத் திறந்து போட்டு நடந்தா கால் கீழ பிஸ்கட் மாதிரி பொடிப்பொடியா உதிரும், அதுவும் மலை நடுவுல நடந்தா நிலைமையை யோசிச்சுப் பாருங்க. ஈவிஏ ஃபோம் அப்படி உதிராது, ஆனா இறுகும், சுருங்கும், ஒட்டுன பசையும் காஞ்சு சோல் வாயைப் பிளக்கும்.

வாங்கறதுக்கு முன்னாடி டேக்ல தயாரிச்ச தேதி இருக்கா பாருங்க, பல கம்பெனிகள் மாசமும் வருஷமும் போடறாங்க. பாலியூரித்தேன் சோல்ல அஞ்சு வருஷத்துக்கு மேல ஆனதை நான் தொட மாட்டேன். வச்சிருக்கறப்போ குளிர்ச்சியான, காத்தோட்டமான, காஞ்ச இடத்துல வைங்க, வண்டியோட டிக்கியில வேண்டவே வேண்டாம். அப்பப்போ போட்டு நடங்க. இந்த ஒரு ஜோடி உங்களுக்கு வாங்கித் தரது நேரம் தான், அந்த நேரத்துல நிதானமா அடுத்ததைத் தேடி முடிச்சிடுங்க.

யாரோ போட்ட ஜோடி விலைக்கு வருது, அதே மாடல், அதே சைஸ். வாங்கலாமா?

ஒரு தடவை ரெண்டு தடவை மட்டும் போட்டதுன்னா சரி. அடிப்பல் தேயாம இருக்கணும், பக்கத்துல பார்த்தா ஃபோம்ல சுருக்கக் கோடு விழுந்திருக்கக் கூடாது, சமதரையில வச்சா ஒரு பக்கம் சாயக் கூடாது. இன்னொருத்தர் நடைக்கு அமுங்கின ஃபோம் உங்க முட்டிக்கு வலி குடுக்கும். தயாரிச்ச தேதி இதுக்கும் பொருந்தும்.

மேல எல்லாம் நல்லா இருக்கு, அடி மட்டும் தேஞ்சிருக்கு. சோல் மாத்திக்க முடியாதா?

தோல் பூட்ஸ், அதுலயும் சோலைத் தைச்சோ, மாத்தறதுக்குன்னே வடிவமைச்சோ இருந்தா மாத்தலாம், அப்படின்னா புதுசே தேட வேண்டாம், நல்லா தெரிஞ்ச ஆளா பார்த்துக் குடுங்க. பல பூட்ஸ் கம்பெனிகள் தங்களோட மாடல்களுக்கு இந்த வசதி வச்சிருக்காங்க, கேட்டுப் பாருங்க. ஆனா துணி வச்ச, ஃபோம் சோல் ஒட்டின இலகுவான ஷூவுக்கு இது பெரும்பாலும் பிரயோஜனப்படாது, அடி ரப்பர் தேயறதுக்குள்ள நடுவுல இருக்கற ஃபோம் செத்துப் போயிருக்கும். அடியை மட்டும் புதுசாக்கினா கிரிப் வரும், மெத்து திரும்ப வராது.

புதுசு எல்லாம் சரி, ஆனா குதிகால் மட்டும் தூக்குது. இல்லைன்னா மேல் பாதம் அழுத்துது. திருப்பிடவா?

சரி பண்ண முடியறது, முடியாததுன்னு பிரிச்சுக்கோங்க. குதிகால் தூக்கறதை லேஸ் கட்டற விதத்துலயே பெரும்பாலும் சரி பண்ணலாம்: மேல கடைசியா இருக்கற கூடுதல் ஓட்டையில லேஸை அதே பக்கத்துலயே விட்டு ஒரு வளையம் மாதிரி வச்சு, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள்ள விட்டு இழுத்துக் கட்டுங்க, கணுக்கால் பூட்டின மாதிரி நிக்கும். மேல் பாதம் ஒரு இடத்துல அழுத்தினா அந்த இடத்துல மட்டும் லேஸைக் குறுக்க விடாம நேரா மேல ஏத்துங்க. ஷூ மொத்தமா தொளதொளன்னா கொஞ்சம் தடியான இன்சோல், இறுக்கம்னா மெல்லிசான இன்சோல். பழைய ஷூல தனி இன்சோல் போட்டிருந்தீங்கன்னா அதை இதுலயும் போடாம ஒப்பிடவே கூடாது.

சரி பண்ண முடியாதது மூணு: நீளம் பத்தாதது, விரல் பக்கம் குறுகலா இருக்கறது, மடங்கற இடம் தப்பா இருக்கறது. இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே திருப்புங்க, "போடப் போட இளகும்"னு கடைக்காரர் சொன்னாலும். தோல் கொஞ்சம் இளகும், இப்ப வர செயற்கைத் துணி அவ்வளவா இளகாது.

ரெண்டு வாரமா போடறேன், வலி எதுவும் இல்ல, ஆனா பழசு மாதிரி இல்லவே இல்ல. தப்பா வாங்கிட்டேனா?

இந்தக் கேள்வி வராத ஆளே இல்ல. நீங்க ஒப்பிடறது உங்க பாதத்துக்கு ஏத்த மாதிரி பல மாசம் அமுங்கி, வளைஞ்சு, பள்ளம் விழுந்த ஒரு ஷூவோட. அதுவும் புதுசா வந்த அன்னைக்கு இப்படி இருந்திருக்காது, அந்த நாளை நீங்க மறந்துட்டீங்க. அந்தத் தாளை எடுங்க. "இறக்கத்துல விரல் இடிக்கல", "முன்பாதம் எரியல"ன்னு எழுதினதை ஒவ்வொண்ணா புது ஷூல சரி பாருங்க. அதெல்லாம் நடக்குதுன்னா ஷூ சரி தான், இன்னும் கொஞ்சம் நீளமான நடைகளுக்குப் போட்டுட்டுப் போங்க.

ஆனா விரல் மரத்துப் போறது, ஒரே புள்ளியில குத்தற வலி, ஒரே இடத்துல திரும்பத் திரும்ப கொப்புளம், இதுக்கு முன்னாடி இல்லாத முட்டி வலி, இதெல்லாம் பழகற விஷயம் இல்ல. லேஸும் இன்சோலும் மாத்திப் பார்த்தும் போகலைன்னா நிறுத்திடுங்க.

எல்லாத்தையும் போட்டுப் பார்த்தாச்சு. எதுவுமே ஒத்து வரல. இனி என்ன?

ஒரே ஷூ எல்லா வேலையும் செய்யணும்னு தேடறீங்களான்னு பாருங்க. பழசு சேத்துக்கும் பாறைக்கும் சுமைக்கும் எல்லாத்துக்கும் ஓரளவு ஒத்துப் போயிருக்கும், இப்ப வர மாடல்கள் ஒவ்வொண்ணும் ஒரு வேலைக்குன்னு செஞ்சது. ரெண்டு ஜோடியா பிரிச்சா, சாதாரண நடைக்கு ஒண்ணு, சுமையோட போற நாளுக்கு ஒண்ணுன்னு, தேடறது சட்டுன்னு சுலபமாகிடும், ரெண்டும் மெதுவா தேயும்.

அதுவும் சரியா வரலைன்னா பாதத்தையே ஒரு தடவை பாத சிகிச்சை நிபுணர்கிட்ட காட்டுங்க, குறிப்பா பெருவிரல் எலும்பு புடைச்சிருந்தா, ஆர்ச் (உள்ளங்கால் வளைவு) இறங்கியிருந்தா, ஒரு கால் நீளம் கம்மியா இருந்தா. அவங்க செஞ்சு தர இன்சோல் உள்ள போறதுக்கு உயரம் இருக்கற, உள் இன்சோல் கழட்ட முடியற ஷூவா பார்த்தா போதும், அப்போ இதுவரைக்கும் வேண்டாம்னு ஒதுக்கின சில மாடல்கள் கூட திரும்ப பட்டியலுக்குள்ள வந்துடும். போறப்போ பழைய ஜோடியையும் எடுத்துட்டுப் போங்க, அடி தேஞ்சிருக்கற விதத்தைப் பார்த்தே உங்க நடையைப் பத்தி நிறைய சொல்லிடுவாங்க.